நாலு மில்லிமீட்டர் வித்தியாசம்

வேலையில் சேர்ந்த முதல் நாளே என் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். அரசாங்க அலுவலகத்தின் படிக்கட்டில் கால் வைத்த முதல் ஆளும் நான்தான். மூன்றாவது படியில் வலது ஷூவின் அடித்தோல் கழன்று தொங்கியது.

படிக்கட்டுக்குக் கீழே சாய்வான இடுக்கில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாய் நிறைய சின்ன ஆணிகள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, ஷூவைத்தான் பார்த்தார்.

"இது போட்டுக்கறதுக்குச் செஞ்சது இல்ல தம்பி, விக்கறதுக்குச் செஞ்சது" என்றார், உதட்டோரமாக. "வலது சுண்டுவிரல் கடிக்குதா?"

"ஆமாண்ணே. எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு வலது கால் பெருசு. கடைக்காரன் இடது காலை மட்டும் அளந்திருப்பான்."

பதினேழு வருடம் படித்த எனக்கு, என் கால்கள் இரண்டும் ஒன்றில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் என்னை 'டிகிரி' என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் அவரை அண்ணே என்பேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'ஆணிவாயர்'.

புது ஷூ கேட்டு யார் வந்தாலும் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் நிற்கவைப்பார். இரண்டு காலையும் தனித்தனியாகப் பென்சிலால் சுற்றி வரைவார். வந்தவர் அவசரப்பட்டால், "பாதி ஆளுக்குச் செஞ்சா போதுமா?" என்பார். மேல்தோலை வெட்டித் தைப்பது அவர் மனைவி. மெழுகு தடவிய நூலை அவர் இழுத்து முடிச்சுப் போட்டால், அப்புறம் அதை அவிழ்க்க அவராலேயே முடியாது. ஆணிகள் இல்லாத நேரத்தில் புருஷன் வாயைக் கட்டுப்படுத்துவதும் அவர் பொறுப்புதான்.

போன வருடம் ஓர் உத்தரவு வந்தது. பொதுக் கட்டடங்களில் தொழில் செய்கிறவர்கள் திறன் தேர்வில் தேறிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அழகாகத் தட்டச்சு செய்தவன் நான். படித்தும் காட்டினேன்.

"இதுல கையெழுத்து போட்டவரு யாரு ஷூ போட்டுக்கிட்டு போட்டாரு?" என்று கேட்டார் ஆணிவாயர்.

"உங்க ஷூதாண்ணே."

"அப்ப அவருக்கு என் திறமை கால் வரைக்கும்தான் தெரியுது."

அவர் மனைவி தைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த இடம் போச்சுன்னா எங்க போய் உக்காரறது? தேர்வு முடியற வரைக்கும் ஆணியை வாயிலிருந்து எடுக்காதீங்க. அதுவே பாதி மார்க்கு."

தேர்வுக்குழுவில் மூன்று பேர். ஒருவர் குடிநீர்ப் பிரிவு, ஒருவர் பூங்காப் பிரிவு. தலைவர் எங்கள் மேலதிகாரி. எதைப் பார்த்தாலும் அளந்துவிடுவார் என்பதால் அவருக்கு 'ஸ்கேல் சார்' என்று பெயர். யாருடைய காலுக்குச் செய்வது என்று கேட்டபோது, பெருந்தன்மையாகத் தன் காலையே நீட்டினார். செய்தித்தாள் விரிந்தது, பென்சில் சுற்றியது. கணவனும் மனைவியும் கூட்ட அறையின் மூலையில் இரண்டு நாள் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

மூன்றாம் நாள் மேசைமேல் கறுப்பு ஷூ ஜோடி வந்து நின்றது. பூங்காக்காரர் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். ஸ்கேல் சார் போட்டுப் பார்க்கவில்லை. இரும்பு ஸ்கேலை எடுத்தார்.

"வலது ஷூ நாலு மில்லிமீட்டர் நீளம். ஜோடி சமமா இல்லியே?"

ஆணிவாயர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"உங்க காலும் சமமா இல்லீங்க சார்."

ஸ்கேல் சார் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குக் கால்ல கோளாறுங்கறியா?"

"கோளாறு இல்லீங்க. எல்லாருக்கும் அப்படித்தான்."

"எல்லாரும் எப்படியோ போகட்டும். நான் அப்படி இல்ல." ஸ்கேலை மேசையில் தட்டினார். "ஒரு மணி நேரம் தரேன். வலதைக் குறைச்சு சமமாக்கிட்டா பாஸ்."

நான் ஓடிப்போய் ஆணிவாயர் காதில் சொன்னேன்: "அண்ணே, நாலு மில்லிமீட்டர்தானே! வெட்டிக் குடுத்துடுங்க, இடம் நிக்கும்."

அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத் தையலைப் பிரிக்கக் கத்தியையும் எடுத்துவிட்டார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ம்... கையை வைங்க, பாப்போம்" என்றார் அந்த அம்மாள். "அது நான் போட்ட தையல். வெட்டினா நாளைக்கு அந்த மனுஷன் நொண்டுவாரு. யாரு செஞ்ச ஷூன்னு ஊரே கேக்கும்."

கத்தி பைக்குள் போனது. "ஃபெயில்னு எழுதிக்குங்க சார்" என்றார் ஆணிவாயர்.

'ஜோடியில் சமச்சீரின்மை காரணமாகத் தேர்ச்சியின்மை' என்று எழுதியதும் நான்தான். அதே தேர்வில் இன்னொருவர் தேறினார். அவர் செய்த ஜோடி மயிரிழை பிசகாமல் சமம். ஸ்கேல் சாரின் கால் இரண்டுக்குள்ளும் நுழையவில்லை. ஆனால் கால் நுழைகிறதா என்று கேட்கும் கட்டம் படிவத்திலேயே இல்லை. படிக்கட்டின் கீழ் இடம் அந்தத் தேறியவருக்குப் போயிற்று.

தோற்ற ஜோடியைச் சான்றுப் பொருளாகப் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. ஒரு வாரம் அலமாரியில் இருந்தது. அப்புறம் ஸ்கேல் சார் ஒருநாள் போட்டுப் பார்த்தார், கழற்றவில்லை. பதிவேட்டில் 'பொருள் தற்போது இருக்கும் இடம்' என்ற கட்டத்தில் 'தொடர் ஆய்வில்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

இப்போது ஆணிவாயரும் அவர் மனைவியும் எதிர்ச் சாரியில், சைக்கிள் கடைக்காரர் தடுத்துக் கொடுத்த பாதி அறையில் இருக்கிறார்கள். அறைக்குக் கதவு உண்டு, ஜன்னல் இல்லை. மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை.