குரல் கம்மிய வருஷத்துப் பாட்டு வகுப்பு

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு வேலைக்குப் போன முதல் குளிர்காலத்திலேயே எனக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. காய்ச்சல் விட்ட பிறகும் குரல் திரும்பவில்லை. பேச முடிந்தது, மேல் ஸ்தாயிக்குப் போனால் வெறும் காற்றுதான் வந்தது. பஜாருக்கு மேலே இருந்த ஒரு சின்னப் பள்ளியில், ஒன்றாம் வகுப்புக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கத்தான் என்னை எடுத்திருந்தார்கள்.

எனக்குப் பிடித்த பிரார்த்தனைப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தேன். நடுவில் சட்டென்று மேலே ஏறும் பாட்டு. அந்த இடத்தில் பிள்ளைகள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். மற்ற இடங்களில் கரகரவென்று பாடினார்கள். ஏன் என்று சில நாள் கழித்துத்தான் புரிந்தது. என் கம்மல் குரலும் பாட்டைச் சேர்ந்தது என்று நினைத்து, அதையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் இப்படிப் பாடுவதைத் தலைமையாசிரியை கேட்டுவிட்டார். "பாட்டு வகுப்ப வேற டீச்சருக்கு மாத்திரலாம். உங்க தொண்டைக்கும் நல்லது" என்றார்.

"வேண்டாங்கம்மா. ஆண்டு விழா வரைக்கும் விடுங்க. சரியா வரலன்னா நானே சொல்லிர்றேன்."

அன்றோடு நான் பாடுவதை நிறுத்தினேன். பிரார்த்தனைப் பாட்டையும் விட்டேன். அவர்கள் தொண்டைக்கு எட்டும் மூன்று ஸ்வரங்களுக்குள் ஒரு சின்ன மெட்டு போட்டு, குரல் தெளிவாக இருந்த ஒரு சிறுமிக்கு மட்டும் மெல்ல முனகிக் காட்டினேன். அவள் பாட, மற்றவர்கள் அவளைப் பார்த்துப் பாடினார்கள். தாளத்துக்கு அவர்கள் வீட்டுத் தோட்டத்துக் காய்களையே எடுத்துக்கொண்டோம். பூண்டு என்றால் இரண்டு தட்டு, கேரட்டு என்றால் மூன்று. உருளைக்கிழங்குக்கு எத்தனை என்று அவர்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தட்டித் தட்டி அவர்களே முடிவு செய்தார்கள். தகரக் கூரையில் மழை வலுத்தால் உரக்கவும், அடங்கினால் மெதுவாகவும் பாட வேண்டும் என்பது இன்னொரு விளையாட்டு.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. மலைக் கிராமமான போளூரிலிருந்து காய் விற்க வந்த, வகுப்புப் பையன் ஒருவனின் தாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "டீச்சர், வீட்டுல பூண்டு உரிக்கச் சொன்னா தட்டிக்கிட்டே கெடக்கான். சோலி ஓட மாட்டேங்குது. சாமி பாட்டுச் சொல்லிக் குடுக்கக் கூடாதுங்களா?"

"குடுக்கிறேங்க. மொதல்ல கத்தாமப் பாடப் பழகட்டும்" என்றேன். அவர் சமாதானமாகாமல்தான் போனார்.

விழாவுக்கு முன் தலைமையாசிரியை வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் என் கையைப் பார்த்துப் பாடினார்கள். கையை மடக்கியதும் எல்லாரும் ஒன்றாக நிறுத்தினார்கள். ஒருவர் குரலிலும் கரகரப்பு இல்லை.

"நல்லா இருக்கு. ஆனா மேடையில பிரார்த்தனைப் பாட்டே இருக்கட்டும்" என்றார்.

"அது இவங்க தொண்டைக்கு ஒசரங்கம்மா. இதைத்தான் பாட வைப்பேன்."

"ரொம்பச் சின்னதா இருக்கே. ரெண்டு தடவ பாடட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

விழாவில் இரண்டு தடவை பாடினார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது இரண்டாம் வகுப்புக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பதையும் தலைமையாசிரியை என்னிடமே கொடுத்தார்.