தங்கமுத்துவின் தொண்ணூற்றேழு

யார் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மனிதனுக்குப் பயம் வர வேண்டும்? சம்பளம் கொடுப்பவரா, சாலையில் முதுகைக் காட்டி நிற்கும் முகம் தெரியாத ஆளா? டிரைவர் தங்கமுத்துவின் வாழ்க்கையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இந்தக் கேள்வியில்தான் போய் முட்டுகிறது. அவரிடமே கேட்டிருந்தால், "அதெல்லாம் படிச்சவங்க பேசுறதுங்க" என்று நழுவியிருப்பார். அவர் தைரியசாலி இல்லை. நல்ல டிரைவர் என்று சொல்லலாம். அதையும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

யோசிக்க வேண்டியதற்குக் காரணம் ஒரு பஸ். பதினெட்டு வருஷம் அவர் புதுக்கோட்டை – பொன்னமராவதி தடத்தில் ஒரு தனியார் பஸ் ஓட்டினார். அந்தக் கம்பெனியின் ஷெட்டில் ஒரு கரும்பலகை உண்டு. ஒரு லிட்டர் டீசலுக்கு யார் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்று தினமும் சாக்பீஸில் எழுதுவார்கள். கேஎம்பிஎல் என்பார்கள். அடியில் பேர் இருந்தால் முதலாளி கூப்பிட்டுவிடுவார். தங்கமுத்துவின் பேர் எப்போதும் மேலேதான் இருந்தது. "எங்க வண்டியெல்லாம் டீசல்ல ஓடுது, ஒங்க வண்டி மட்டும் காத்துல ஓடுதாண்ணே?" என்று கண்டக்டர் அருள்மணி கேலி செய்வார்.

விஷயம் அருள்மணிக்குத் தெரியும். இறக்கம் வந்தால் தங்கமுத்து நியூட்ரல் போட்டு, இன்ஜினையும் அணைத்து, பஸ்ஸை உருட்டிவிடுவார். ஒரு நாள் கண்மாய்க்கரை இறக்கத்தில் அப்படி உருட்டியபோது இன்ஜின் ஓடாததால் பிரேக்கில் காற்று இறங்கிப்போயிருந்தது. மிதித்தார், பிடிக்கவில்லை. கீழே பள்ளிக்கூடம் விட்டுக் கடைசிப் பிள்ளைகள் சாலையைக் கடந்து முடித்திருந்தார்கள். பஸ் அந்த வாசலைத் தாண்டி, எதிர் மேட்டில் ஏறித் தானாக நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அருள்மணி விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பலகையில் தங்கமுத்துவின் பேருக்கு நேரே ஐந்து புள்ளி ஒன்பது. கம்பெனியிலேயே அதுதான் முதல். முதலாளி வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு இன்னும் தோளிலேயே இருப்பதாகத் தங்கமுத்து ஒரு முறை மனைவி செவந்தியிடம் சொன்னாராம். அதற்கு மேல் சொல்லவில்லை.

கம்பெனி தடத்தை விற்றபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதில் புதிதாக யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஒரு வருஷம் சும்மா இருந்தார். அப்புறம்தான் அரிமளம் பக்கத்து நாச்சம்மை ஆச்சி வீட்டுக்குக் கார் வந்தது.

கார் ஆச்சியின் தம்பி ராம்நாத்துடையது. சென்னையில் அவர் இருக்கும் அடுக்ககத்தில் சார்ஜ் போட இடம் தர மறுத்துவிட்டார்கள். வண்டியோ பெட்ரோலிலும் ஓடும், வீட்டு பிளக்கில் செருகி வைத்தால் கரண்டிலும் ஓடும் ரகம். பிளக் இல்லாத இடத்தில் அது எதற்கு என்று ஊருக்கு அனுப்பிவிட்டார். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆச்சி, முழங்கால் சிகிச்சைக்காக வாரம் மூன்று நாள் புதுக்கோட்டைக்குப் போக வேண்டியிருந்தது. தங்கமுத்துவுக்கு வேலை கிடைத்தது.

முதல் நாள் வண்டியை அணைத்ததும் திரையில் ஒரு பச்சை இலையும் பக்கத்தில் 58 என்ற எண்ணும் வந்தன. என்னவோ வெயில் அளவு என்று நினைத்துக் கதவைச் சாத்தினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ராம்நாத் போன் செய்தார்.

"தங்கமுத்தண்ணே, என்ன மார்க் அம்பத்தெட்டு, அறுவதுன்னே வருது?"

"என்ன மார்க்குங்க சார்?"

"வண்டி நீங்க ஓட்டுறதுக்கு நூத்துக்கு மார்க் போடுதுண்ணே. எங்க ஆபீஸ்ல இதே வண்டி வச்சிருக்க நாலு பேரு குரூப்ல போடுறோம். எல்லாரும் தொண்ணூறு. நான்தான் கடைசி. என் போன்ல எல்லாம் வந்துருது."

எல்லாம் என்ற சொல் மட்டும்தான் தங்கமுத்துவுக்குக் கேட்டது. அந்த வாரம் ஒரு நாள் ஆச்சி சிகிச்சையில் இருந்தபோது அவர் ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தூங்கியிருந்தார். அதுவும் போயிருக்குமா?

"ரெண்டு மாசம் பாக்கலாம்ணே. சராசரி எம்பதுக்கு மேல வரலைன்னா வண்டியை வித்துட்டு ஆச்சிக்கு டாக்ஸி சொல்லிறலாம்."

ராம்நாத் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தங்கமுத்துவுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து அவர் காருக்குள் பேசுவதை நிறுத்தினார். செவந்தி போன் செய்தால் இறங்கி, பத்தடி தள்ளிப் போய்ப் பேசினார். தும்மல் வந்தால்கூட அடக்கினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்.

"ரிசல்ட் வந்துருச்சா? பாஸா, பெயிலா?" என்பாள் செவந்தி.

"அறுவத்தொண்ணு."

"பத்தாவதுல நீங்க எடுத்ததைவிட இது ரொம்ப ஒசத்திங்க. வந்து சாப்புடுங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மெதுவாக ஓட்டிப் பார்த்தார், அறுபது. இன்னும் மெதுவாக ஓட்டினார், மாட்டு வண்டிக்காரர் ஒருவர் முந்திப் போனார், ஐம்பத்தொன்பது. எதற்கு மார்க் குறைகிறது என்று தெரியாமல் குறைவதுதான் அவரைக் கலக்கியது. செய்த தப்பு தெரிந்தால் பயத்துக்கு ஒரு எல்லை இருக்கும். இது எல்லையில்லாமல் கிடந்தது.

கடைசியில் ஆச்சிதான் கண்டுபிடித்தார். பின் இருக்கையில் வண்டியின் புத்தகத்தை விரித்து, நான்கு நாள் படித்துவிட்டுக் கேட்டார்.

"தங்கமுத்து, பேட்டரி எவ்வளவு இருக்கு?"

"ஃபுல்லா இருக்குங்க ஆச்சி. வந்த நாள்லேருந்து தொடவே இல்லை. அந்தா, சேமிக்கிற பட்டனை அமுக்கியே வச்சிருக்கேன்."

"ஏன் தொடலை?"

"அவசரத்துக்கு வேணும்லங்க. திடீர்னு கரண்டு போயிட்டா?"

ஆச்சி புத்தகத்தை மடியில் வைத்தார். "நடுரோட்டுல எங்கிட்டுய்யா கரண்டு போகும்? இது என்ன வீட்டு இன்வெர்ட்டரா?"

ஆச்சி சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியே மறந்திருக்கும். அன்றைக்கே தம்பிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். சென்னையிலும் சிரித்தார்கள். தங்கமுத்துவும் சிரித்தார். அவருக்கு அப்போது வெட்கத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

மார்க் மூன்று காரியத்துக்கு என்று ஆச்சி விளக்கினார். கிளம்பும்போது விசுக்கென்று மிதிக்கக் கூடாது. முடிந்தவரை கரண்டில் ஓட வேண்டும். பிரேக்கை அழுத்தாமல், தூரத்திலேயே காலை எடுத்துவிட்டு வண்டியை உருளவிட வேண்டும். அந்த உருட்டலில் பேட்டரிக்கும் கொஞ்சம் சார்ஜ் ஏறும்.

"உருட்டணுமாங்க?" என்றார் தங்கமுத்து.

"ஆமா. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். அவர் கால் மறக்கவில்லை. அடுத்த வாரம் எழுபத்தெட்டு. அதற்கடுத்து எண்பத்தொன்பது. பிறகு தொண்ணூற்று நான்கு. ராம்நாத் கட்டைவிரல் படம் அனுப்பினார். முதல் வாரங்களின் குறைந்த மார்க்கினால் சராசரி மட்டும் எண்பதுக்குக் கீழே நின்றது, ஆனால் நாளுக்கு நாள் நெருங்கியது. செவந்தி அவர் கொஞ்சம் சாப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டாள். தங்கமுத்துவுக்கோ தூக்கம் மட்டும் திரும்பவில்லை. இன்ஜின் சத்தமில்லாமல் ஒரு வண்டி உருளும்போது கண்மாய்க்கரை இறக்கம் ஏன் கண்ணில் வருகிறது என்று அவர் யாரிடம் கேட்பார்?

மாசி மாதம். ஊர்களில் உளுந்து அறுவடை. செடியைத் தார்ச்சாலையில் பரப்பிப் போட்டுவிடுவார்கள். போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, ஆச்சியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, அரிமளத்துக்கு முந்திய ஊரில் ஒரு பெண் சாலையோரம் குனிந்து உளுந்தைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கொல்லையில் டிராக்டர் ஒன்று இரைந்தபடி நின்றது. தங்கமுத்து தூரத்திலேயே காலை எடுத்தார். கார் சத்தமில்லாமல் உருண்டது. வழக்கமாக இந்தச் சாலையில் வண்டிச் சத்தம் கேட்டால் நிமிராமலே இரண்டடி ஒதுங்குவார்கள். அந்த அம்மாள் ஒதுங்கவில்லை. துடைப்பத்தோடு பின்னால் பின்னால் நடந்து, சாலையின் நடுவுக்கு வந்துகொண்டிருந்தார்.

ஹாரன் அடிக்கலாம். ஆனால் பின்னாலிருந்து திடீரென்று அடித்தால் மனிதர்கள் எந்தப் பக்கம் பாய்வார்கள் என்று சொல்ல முடியாது, அவர் பார்த்திருக்கிறார். பிரேக்கை அழுத்த வேண்டும். கால் பிரேக்குக்கு மேலே வந்தது. வந்து, அங்கேயே ஒரு கணம் நின்றது. தொண்ணூற்றேழு. ஓடும்போதே மாறும் அந்த எண் திரையில் நின்றுகொண்டிருந்தது. அந்த ஒரு கணம் அவர் கால் எண்ணைப் பார்த்தது.

பிறகு ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் உளுந்துக் குவியலின் ஓரத்தில் ஏறி, அந்த அம்மாளின் சேலை முந்தானைக்கும் மைல் கல்லுக்கும் நடுவே புகுந்து போனது. கண்ணாடியில் பார்த்தார். அந்த அம்மாள் இன்னும் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் ஆச்சி கண்ணை மூடியிருந்தார். நடந்தது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டு வாசலில் வண்டியை அணைத்தார். பச்சை இலை வந்தது. 97. பிரேக் பகுதிக்கு முழு மார்க்.

ஐந்து நிமிஷத்தில் ராம்நாத் கைதட்டும் படங்களை வரிசையாக அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். "அண்ணே, குரூப்ல இன்னைக்கு நாமதான் ஃபர்ஸ்ட்! அடுத்த வாரம் வீட்டுல முன்னோருக்குப் படைப்பு, வாரேன். நீங்க ஓட்டுறதைப் பக்கத்துல உக்காந்து வீடியோ எடுக்கணும். சராசரி எழுபத்தொம்பது புள்ளி எட்டுண்ணே. அன்னைக்கு ஒரு தொண்ணூறு வந்தா எம்பதைத் தாண்டிரும். அப்புறம் வண்டியும் இங்கிட்டுத்தான், நீங்களும் இங்கிட்டுத்தான்."

"சரிங்க சார்" என்றார் தங்கமுத்து. போனை வைத்துவிட்டு, அன்று முதலாளி தட்டிய தோளைத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். ஆச்சி ஆட்டோவில் போய் வந்தார். செவந்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடே இல்லையே, எங்க காச்சல்?" என்றாள்.

"கால்ல" என்றார்.

"கால்ல எவனுக்குங்க காச்சல் வரும்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏதாவது நடந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று தோன்றும் அளவுக்கு அந்தப் பயம் வளர்ந்திருந்தது. நடந்திருந்தால் போலீஸ் வரும், ஊர் வரும், கேட்கிற ஆள் இருக்கும். நடக்காததை யார் கேட்பார்கள்? அன்று பலகையில் ஐந்து புள்ளி ஒன்பது; இன்று திரையில் தொண்ணூற்றேழு. இரண்டு முறையும் அவருக்குக் கிடைத்தது பாராட்டு.

படைப்புக்கு முந்தின நாள் ராம்நாத் ரயிலில் புதுக்கோட்டை வந்து இறங்கினார். ஆச்சியும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ராம்நாத் முன் இருக்கையில் போனைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"டென்ஷன் ஆகாதீங்கண்ணே. எப்பவும் போல ஓட்டுங்க."

தங்கமுத்து எப்பவும் போல ஓட்டினார். கிளம்பியது தெரியாமல் கிளம்பினார். லாரிகளுக்குப் பின்னால் அலட்டாமல் உருண்டார். பாதி வழியில் திரையைப் படம் எடுத்து, "தொண்ணூத்தாறு! பாத்தியா ஆச்சி" என்றார் ராம்நாத்.

"என் டிரைவருய்யா" என்றார் ஆச்சி.

அரிமளத்துக்கு முந்திய ஊரின் பேர்ப்பலகை தெரிந்தது. அதற்கு அந்தப்புறம் சாலையில் உளுந்துச் செடி கறுப்பாகக் கிடந்தது. ஓரத்தில் மூன்று பேர் குனிந்திருந்தார்கள். யார் முகமும் இந்தப் பக்கம் இல்லை. பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. தங்கமுத்து இடது கையை எடுத்து, திரைக்குக் கீழே இருந்த அந்தப் பட்டனை, பேட்டரியைச் சேமிக்கிற பழைய பட்டனை, அமுக்கினார். பெட்ரோல் இன்ஜின் விழித்துக்கொண்டது. இன்னும் ஒரு மிதி மிதித்து அதை உறுமவிட்டார். உடனே பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்தார். ராம்நாத்தின் தலை முன்னால் ஆடியது. சாலையில் மூன்று பேரும் நிமிராமலே இரண்டடி ஒதுங்கினார்கள்.

எண் தொண்ணூற்றாறிலிருந்து சடசடவென்று இறங்கியது.

"அண்ணே, என்னண்ணே இது? மறுபடியும் அந்தப் பட்டனா?" ராம்நாத் வீடியோவை நிறுத்தினார். "இன்னமும் கரண்டு போயிரும்னு பயமா?"

பின்னாலிருந்து ஆச்சி, "தங்கமுத்து, ஒனக்குத்தான் தெரியுமேய்யா" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸைச் சொல்லியிருக்கலாம். முட்டாள் என்ற பேராவது மிஞ்சாமல் போயிருக்கும்.

"ஆமாங்க சார், பயந்தான்" என்றார்.

ஊரைத் தாண்டியதும் பட்டனை எடுத்துவிட்டார். கார் மறுபடி சத்தமில்லாமல் உருண்டது. அடுத்த ஊரின் முதல் வீடு கண்ணில் பட்டபோது, ராம்நாத் அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்க, தங்கமுத்து மீண்டும் அந்தப் பட்டனை அமுக்கினார்.