மாலை போட்டிருந்த தகப்பன்

என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டதே வயிற்றில் இருந்த பிள்ளைக்காகத்தான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய கரு. தைக் கடைசியில்தான் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மகரஜோதி பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார். அவர் கணக்குக்குப் பிள்ளை காத்திருக்கவில்லை. கார்த்திகைக் கடைசியிலேயே பிறந்துவிட்டாள். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். நான் நினைவில்லாமல் கிடந்தேன்.

இப்படி எடை குறைந்து பிறக்கும் பிள்ளையை அம்மாவோ அப்பாவோ வெறும் நெஞ்சோடு ஒட்டவைத்து அணைத்துக்கொள்ள வேண்டும். கங்காரு முறை என்கிறார்கள். முன்பு பெரிய ஊர்களில் மட்டும் இருந்தது. இப்போது எங்கள் அரசு ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டது. சாய்வு நாற்காலிகள் வந்திறங்கியிருந்தன. சட்டையைத் திறந்து பிள்ளையை அணைத்திருக்கும் ஒரு அப்பாவின் படமும் சுவரில் இருந்தது.

“அம்மாவுக்கு முடியல. அப்பாவக் கூப்பிடுங்க, ஆம்பள நெஞ்சும் அதே சூடுதான்” என்றாராம் சிஸ்டர்.

பிள்ளையின் அப்பாவோ ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே கறுப்பு வேட்டியில் நின்றார். பிரசவத் தீட்டு, மாலையோடு பிள்ளையைத் தொடக்கூடாது. குருசாமியிடம் போனில் கேட்டதற்கு, “பிள்ள உசுரு பெருசு சாமி. கழட்டிரு, அய்யப்பன் கோவிக்க மாட்டாரு” என்றுதான் அவரும் சொன்னார். இவர்தான் கழற்றவில்லை.

“அவளுக்காகப் போட்ட மாலை. பாதியில கழட்டி அவளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?” என்று என் அம்மாவிடம் அழுதிருக்கிறார்.

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். “ட்ரெயினிங்ல எம்புட்டோ சொல்லிக் குடுத்தாக. மாலை போட்ட அப்பாவ என்ன செய்யிறதுன்னு மட்டும் சொல்லித் தரலயே!”

கடைசியில் காளவாசலில் ஆட்டோ ஓட்டும் என் தம்பி வந்தான். குளித்துவிட்டு, கூச்சத்தோடு சட்டையைத் திறந்து அந்த நாற்காலியில் சாய்ந்தான். எனக்குத் தெளிந்து நான் வாங்கிக்கொள்ளும்வரை அவளுக்குச் சூடு கொடுத்தது தாய்மாமன் நெஞ்சுதான். நடுவில் வீடியோ காலில் அவளைக் காட்டுவான். “மூச்சு நல்லா விடுறாளா சாமி?” என்று கேட்டபடி இவர் வெளியே நின்று பார்ப்பார். போனில் பார்த்தால் தீட்டு இல்லையாக்கும்! விஷயம் தெரிந்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கல்நெஞ்சுக்காரன் என்று ஊரில் பேசினார்கள். கல்நெஞ்சுக்காரன் சோறு தண்ணி இல்லாமல் கேட்டருகே நிற்பானா? பயந்தவன்தான் நிற்பான். இப்போது நினைத்தால் அவருக்காக மனசு வலிக்கிறது.

மலையிலிருந்து வந்து, மாலையைக் கழற்றிய கையோடு, அரவணைப் பிரசாத டப்பாவைத் தூக்கிக்கொண்டு பரவையில் இருந்த என் அம்மா வீட்டுக்கு ஓடிவந்தார். பிள்ளை அதற்குள் தேறியிருந்தாள். நெஞ்சில் நிற்காமல் திமிற ஆரம்பித்தால் அப்படி அணைப்பதை நிறுத்திவிடலாம் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு நாளாக அவள் என்னிடமே திமிறிக்கொண்டிருந்தாள்.

உள்ளே நுழையும்போதே சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். “எப்படி வைக்கணும், சொல்லு. மாப்ள வச்ச மாதிரியே வச்சுக்கிறேன்.”

அவர் நெஞ்சில் வைத்தேன். காலை உதைத்து, முகம் சிவக்க வீறிட்டு அழுதாள். வாங்கித் துணியில் கிடத்தியதும் அடங்கிவிட்டாள்.

“இனிமே அவளுக்கு இது வேணாங்க” என்றேன்.

“அதுக்குள்ளயா?” என்று கேட்டார். சட்டைப் பொத்தான்களைப் போடாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.