குமரப்பன் மாட்டிய அகலச் சக்கரம்

குமரப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. அந்த வயதில் மனுஷன் முட்டிவலிக்குத் தைலம் தேடுவான், இல்லையென்றால் மகளுக்கு மாப்பிள்ளை தேடுவான். குமரப்பன் தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளுக்கு அகலமான பின் சக்கரம் தேடிக்கொண்டிருந்தார். பட்டர்வொர்த்தில் பழைய உதிரிபாகம் விற்கிற ஒரு கடையையும் அவர் விட்டுவைக்கவில்லை. வேலை முடிந்த களைப்பில் கண் இரண்டும் சொருகச் சொருக, குவித்துப் போட்ட ரிம்களுக்கு நடுவே அளவு டேப்பும் கையுமாகக் குந்தியிருப்பார்.

வண்டி கல்யாணம் ஆன புதிதில் வாங்கியது. இரண்டு சிலிண்டர் ஜப்பான் வண்டி. அந்தக் காலத்து வழக்கப்படி பின் டயர் ஒல்லியாக இருக்கும். அதன் மேல்தான் குமரப்பன் இத்தனை வருஷமும் பிழைப்பு நடத்தினார். தாத்தா பினாங்கு ஸ்திரீட் வட்டிக்கடைக் கிட்டங்கியில் கணக்குப் பார்த்தவர், அப்பா பேங்கில் இருந்தவர். பரம்பரையிலேயே நகக்கண்ணில் கிரீஸ் ஏறிய ஒரே ஆள் இவர்தான். பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை. விடியுமுன் ஜெலுத்தோங் ஃப்ளாட்டிலிருந்து இறங்கி, பினாங்குப் பாலத்தில் கடல்காற்றோடு மல்லுக்கட்டி அக்கரை போவார். சாயங்காலம் அதே காற்றோடு மல்லுக்கட்டித் திரும்புவார். வீட்டுக்குள் நுழைந்தால் பேச வாய் வராது. மனைவி கோமதி பர்மா ரோட்டில் ஒரு பல் கிளினிக்கின் கவுன்டரில் இருப்பவள். நாளெல்லாம் ஊரார் பல்வலியைக் கேட்டுவிட்டு வருபவளுக்கும் வாய் வராது. மகள் ஸ்ரீநிதி கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது.

புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது வண்டியில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போவார்கள். பஞ்சாபி சூட் போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோமதி பின்னால் ஏறி உட்கார்ந்ததும் எங்கிருந்துதான் வருமோ, பேச்சு கொட்டும். கிளினிக்கில் யார் பயந்து ஓடினார்கள், டாக்டர் எப்படிச் சிடுசிடுத்தார், ஸ்ரீநிதி போனில் எதை மறைக்கிறாள் எல்லாம் குமரப்பனின் தோளுக்குப் பக்கத்தில் வந்து விழும். பாதி காற்றில் போகும். மீதிக்கு இவர் "ம்" போடுவார். முகம் பார்க்காமல் இருந்ததால்தான் அவ்வளவு பேச முடிந்ததோ என்னவோ. அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்த சீட்டின் மேல்தான் என்று நான் சொல்வேன்.

போன மழைக்காலத்தில் அதற்கும் கேடு வந்தது. டத்தோ கிராமாட் ரோட்டில் சிக்னல் தாண்டித் திரும்பும்போது, நனைந்து கிடந்த வெள்ளைக் கோட்டில் பின் சக்கரம் சறுக்கிவிட்டது. வண்டி ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். குமரப்பனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. கோமதிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகு, "இனிமே நான் மோட்டோவுல வரல" என்றாள். காரணம் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. விழுந்தவளுக்குப் பயம் இருக்காதா என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் கிராப் வாடகைக் கார் வந்தது. குமரப்பன் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில், கோமதி பின்சீட்டில். டிரைவர் முன்னால் குடும்பக் கதை பேச முடியுமா? போகும்போதும் மௌனம், வரும்போதும் மௌனம். சில வாரம் அவள் தலைவலி என்று போகாமலே இருந்துவிட்டாள். குமரப்பனுக்கு அது தாங்கவில்லை. பாலத்தில் தனியாக ஓட்டும்போது தோள்பக்கம் காது தானாகத் திரும்பும். அங்கே காற்றுச் சத்தம்தான் இருக்கும்.

ஒரு மெஷின் தகராறு பண்ணினால் குமரப்பன் என்ன செய்வார்? எந்த பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பார், அதை மாற்றுவார், மெஷின் ஓடும். வேறு வழி அவருக்குத் தெரியாது. வண்டி சறுக்கியது, சறுக்கியதற்குக் காரணம் ஒல்லி டயர், அகல டயர் போட்டால் கோமதி ஏறுவாள் என்று கணக்குப் போட்டார். கோமதியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மெஷினைக் கேட்டா பாகம் மாற்றுகிறோம்?

ஜெலுத்தோங்கில் மோட்டோ கடை வைத்திருக்கும் ஹைதரிடம் விஷயத்தைக் கொண்டுபோனார். ஹைதர் வண்டியைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, டயர மட்டும் மாத்துனா பத்தாதுலா. ரிம்மு அகலமாகணும். ரிம்மு அகலமானா பழைய சுவிங் ஆர்முக்குள்ள போகாது. செயின் வந்து டயர உரசும். நெறைய வேலைலா. எதுக்கு உங்களுக்கு?"

எதுக்கு என்ற கேள்வி வந்ததும் குமரப்பனுக்கு முகம் சூடாகிவிட்டது. டயர் அகலத்தைப் பற்றி யாரிடமும் மணிக்கணக்கில் பேசுவார். 'என் பெண்டாட்டி பின்னால் உட்கார வேண்டும்' என்று இன்னொரு ஆம்பளையிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வீட்டில்கூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷன் அவர்.

"சும்மாதான். பார்க்க எடுப்பா இருக்கும்ல" என்றார்.

"அடேயப்பா! இந்த வயசுல ஸ்டைலு கேக்குதா?" என்று ஹைதர் சிரித்தான். குமரப்பனும் சிரித்து வைத்தார்.

வேலை மாதக்கணக்கில் இழுத்தது. பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கும் இரும்புக் கைதான் சுவிங் ஆர்ம். நொறுங்கிப்போன ஒரு புது மாடல் வண்டியிலிருந்து அதை ரிம்மோடு வாங்கிப் பொருத்தினார்கள். பழையதை, அதில் ஒட்டியிருந்த சாமான்களோடு, பழைய இரும்பு எடுக்கிறவன் லோரியில் போட்டுக்கொண்டு போனான். நூற்றைம்பது மில்லிமீட்டர் அகல டயர் மாட்டியதும் ஹைதர் சொன்னபடியே செயின் டயரில் உரசியது. முன் பல்சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளிவைக்க, லேத்தில் வளையம் கடைந்து போட்டார்கள். அப்போது சக்கரம் நடுவில் இல்லை. ஒரு பக்கம் வாஷர் கூட்டி, மறுபக்கம் குறைத்தார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் குமரப்பன் தரையில் மல்லாந்து படுத்து, பின் டயரிலிருந்து முன் டயர் வரைக்கும் நூல் பிடித்துப் பார்ப்பார். நூல் ஒரு பக்கம் தொடும், மறுபக்கம் விலகும். மறுபடி கழற்று, மறுபடி மாட்டு. முதுகு விட்டுப்போனது. தொழிற்சாலையில் நின்றபடியே தூங்கி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"போதும்ணே, விடுங்க. நூத்தி முப்பதே நல்லா இருக்கும். இவ்ளோ அகலம் போட்டா வளைவுல வண்டி மடங்க மாட்டேங்கும்" என்றான் ஹைதர்.

"சறுக்காதுல்ல?"

"ஈரத்துல எந்த டயரும் சறுக்கும்ணே. மெதுவா போகணும், அவ்ளோதான்."

அதைக் குமரப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருநாள் நூல் இரண்டு பக்கமும் ஒட்டி நின்றது. பாலிக் புலாவ் மலைச்சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்தார். வளைவுகளில் வண்டியைச் சாய்க்கக் கை வலித்தது. ஆனால் பின்பக்கம் யானை உட்கார்ந்ததுபோல் அசையாமல் வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று பட்டிருக்கும் என்று ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்து குளித்து, கோமதியின் முன்னால் அவள் ஹெல்மெட்டை வைத்தார். தூசி துடைத்திருந்தது.

"இன்னைக்கு கிராப் வேணாம். கீழ வா. வந்து பாரு, அப்புறம் சொல்லு."

கோமதி ஹெல்மெட்டையும் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள். இத்தனை மாதமாக அவர் எங்கே போய்க் கறுப்புக் கையோடு திரும்புகிறார் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். மனம் இளகித்தான் வந்தாள்.

ஃப்ளாட்டின் அடியில் வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. குமரப்பன் டயரைத் தட்டிக் காட்டினார்.

"பாரு, எவ்ளோ அகலம்னு. இனிமே சறுக்கவே சறுக்காது."

அவர் ஏறி உட்கார்ந்ததும் கோமதி ஹெல்மெட்டை மாட்டி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல் இடது காலைத் தூக்கினாள். கால் காற்றில் துழாவியது. குனிந்து பார்த்தாள். வலது பக்கம் போய்ப் பார்த்தாள்.

"ஏங்க, நான் கால எங்க வைக்கிறது?"

குமரப்பன் இறங்கிப் பார்த்தார். பின்னால் உட்காருபவர் கால் வைக்கிற கம்பி இரண்டும் பழைய சுவிங் ஆர்மில் இருந்தவை. அதோடு போய்விட்டன. புதியதில் அதற்கு இடமே இல்லை. செயின், வாஷர், பிரேக், நூல் எல்லாம் பார்த்த மனுஷன், அவள் கால் இருக்கும் இடத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

அங்கேயே ஹைதருக்குப் போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கர் அழுந்திவிட்டது.

"கால் வைக்கிற கம்பியா? அத ஏண்ணே முன்னாடியே சொல்லல? ஸ்டைலுக்குன்னுதான சொன்னீங்க. பின்னால ஆளு ஏறும்னு ஒரு வார்த்தை சொல்லலையே! கொண்டு வாங்க, வெல்டு வச்சு பார்ப்போம்லா."

போனை வைத்துவிட்டார். கோமதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். பிறகு நின்றுவிட்டது.

"எனக்காகன்னு அவர்கிட்ட சொல்லலையா?"

குமரப்பன் டயரில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"எனக்கு டயர் மேல எந்தக் கோவமும் இல்லைங்க" என்றாள் கோமதி. குரலில் சண்டை இல்லை, அலுப்புதான் இருந்தது. "மழையில சறுக்கத்தான் செய்யும். அன்னைக்கு ரோட்டுல கைய பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க எந்திரிச்சு மொதல்ல மோட்டோவதான் தூக்குனீங்க. என்னை யாரோ ஒரு மலாய்க்காரம்மா வந்து தூக்குனாங்க."

இதற்குக் குமரப்பனிடம் பதில் இருந்தது. பின்னால் லோரி வந்தது, வண்டியை ஓரம் கட்டாவிட்டால் இரண்டு பேர் மேலும் ஏறியிருக்கும். பாலத்தில் போகும்போதும் வரும்போதும் இந்தப் பதிலை அவர் தனக்குத் தானே சொல்லிப் பழகியிருந்தார். லோரி வந்தது உண்மைதான், ஆனால் தூரத்தில் வந்தது. வண்டியை நிமிர்த்தியபோது அவர் கண் லோரியைப் பார்க்கவில்லை. டேங்க் நசுங்கிவிட்டதா என்றுதான் பார்த்தது.

"ஆமா" என்றார்.

கோமதி அதை எதிர்பார்க்கவில்லை. பின்னால் லோரி வந்தது என்று சாக்குச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்து நின்றாள்.

அவர் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தார். அவளும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிரீஸ் போகாத விரலால் அவளுடைய இடது மணிக்கட்டைத் தொட்டார்.

"ரொம்ப வலிச்சுதா?"

கோமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. "இப்பதான் கேக்குறீங்க" என்றாள். பிறகு கையை இழுத்துக்கொள்ளாமல், எலும்பு முறிந்த சத்தத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். குமரப்பன் "ம்" போடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.