சந்தனம் வைத்த சாவி

சுபாஷினியைப் போல ஒரு பைத்தியக்காரியை வெள்ளவத்தை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நான் கடையின் முன்பக்கத்தில் பிளவுஸ் தைக்கிறேன். பின்பக்கத்தில் அவள் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறாள். ஹட்டனிலிருந்து வந்து, துணிக்கடையில் கால்கடுக்க நின்று, சீட்டுப் பிடித்து வாங்கிய மெஷின். அது மட்டும் போதாது. பூவை வரைந்து, அளவு மாற்றி மெஷினுக்கு அனுப்ப ஒரு சொஃப்ட்வெயர் வேண்டும். ஊரெல்லாம் அதைத் திருட்டுக் கொப்பியாகத்தான் வைத்திருக்கிறது. இவள் இன்னொரு சீட்டையும் எடுத்து அசலை வாங்கினாள்.

"களவு சாமான் வச்சுத் தொழில் தொடங்க மாட்டேங்க்கா" என்றாள். நான் சிரித்தேன்.

அசலோடு பெருவிரல் அளவில் ஒரு கறுப்புக் குச்சி வந்தது. அதைக் கம்பியூட்டரில் செருகினால்தான் சொஃப்ட்வெயர் திறக்கும். சாவி என்று அதற்குப் பேர் வைத்தாள். தினமும் கடை பூட்டும்போது அதைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்து, பாமன்கடையிலுள்ள தன் அறைக்குக் கொண்டுபோவாள். தாலியைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை.

சரஸ்வதி பூசை வந்தது. என் கத்தரிக்கோலுக்கும் அவள் மெஷினுக்கும் பொட்டு வைத்தோம். சாவியை மட்டும் விடுவாளா? சாமிப் படத்துக்கு முன்னால் வெற்றிலையில் வைத்து, குழைத்த சந்தனத்தை அள்ளி அப்பினாள்.

மறுநாள் அது வேலை செய்யவில்லை. சந்தனம் உள்ளே போய் இறுகியிருந்தது. ஊசியால் சுரண்டினோம், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். அனுமதி இல்லை என்ற ஒரே வரிதான் திரையில் வந்தது.

அதற்கு அடுத்த நாள் ஒரு கல்யாணம் இருந்தது. பொம்பிளை மெலிந்துவிட்டதால், கூறை பிளவுஸின் கைப்பூவைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. சுபாஷினிக்குக் கிடைத்த முதல் கல்யாண வேலை அது. கெட்டால் வேறு யாரும் வரமாட்டார்கள்.

விற்ற கம்பனிக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் கெஞ்சினாள். பில் இருக்கிறது என்றாள். சாவி பழுதானால் முழு விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டுமாம், பில் செல்லாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கிக் கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் இதே தொழில் செய்யும் டெரிக்கிடம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். அவரிடம் இருப்பது திருட்டுக் கொப்பி. அவளுடைய டிசைனை ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது. பூவைச் சிறிதாக்கி, அவருடைய மெஷினிலேயே தைத்து முடித்தோம்.

"தங்கச்சி, இதையே உங்கட கம்பியூட்டருக்கும் போட்டுத் தாறன். காசு வேணாம்" என்றார் டெரிக்.

"வேணாங்கண்ணா. இன்னிக்கு மட்டும் போதும்." பிளவுஸை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பிளவுஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பொம்பிளை வீட்டுக்கும் பிடித்துப்போனது. ஒரு வாரம் கழித்துக் கம்பனியிலிருந்து ஈமெயில் வந்தது. அசலில் வரைந்ததால் அவள் பெயர் பதிந்திருந்த டிசைன் களவுக் கொப்பியில் திறக்கப்பட்டிருக்கிறதாம். இன்டர்நெட் வழியாகத் தெரிந்துகொண்டார்களாம். இன்னொரு முறை நடந்தால் வழக்காம்.

"டெரிக்குக்கும் இப்பிடி வந்திருக்குமோ?" என்று கேட்டேன்.

"அவருக்கு எப்பிடிக்கா அனுப்புவாங்க? காசு குடுத்து வாங்குனவ அட்ரஸ் மட்டுந்தானே அவங்ககிட்ட இருக்கு."

அன்றைக்கும் கடை பூட்டும்போது, செத்துப்போன அந்தச் சாவியை மறக்காமல் கைப்பைக்குள் வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.