இடது மட்கார்டைச் செய்தவர்

காதர் மைதீன் பாய் இறந்துபோன செய்தியை எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சனிக்கிழமை ஆபீஸ் விட்டு மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே சுடலைமுத்து ஏறி வந்தார். தாராவிப் பட்டறையில் பாயோடு டிங்கர் வேலை பார்க்கிறவர். என்னைக் கண்டதும் நின்று, "சாமி, காதர் பாய் நேத்து எறந்துட்டாருல்லா. ஒங்களுக்கு ஆரும் சொல்லலியா?" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். சாயங்காலத்துக்குள் அடக்கமும் ஆகிவிட்டது. எனக்கு ஏன் ஆள் அனுப்பவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். எந்த உரிமையில் கேட்பது? வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிற மாட்டுங்கா, செம்பூர்க்காரர்கள் பலருக்கு அவரைத் தெரியும். கார்க் கதவு நசுங்கினால் அவரிடம்தான் ஓடினீர்கள். "அவரைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள்" என்று ஆசிரியர் கேட்டார். நல்லவர், வல்லவர் என்று நாலு வரி எழுத எனக்கும் தெரியும். ஆனால் நான் அவருக்குச் செய்ததை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்து எழுதினால் என் கை விளங்காது.

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம் அது. செம்பூரில் இருக்கும் டாக்டர் என் பழைய சிநேகிதர். தம் வீட்டுக்குப் பின்னால் எருமைத் தொழுவத்தை ஒட்டி ஓர் இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் கிடக்கிறது என்று என்னை அழைத்துப்போய்க் காட்டினார். யுத்தத்துக்கு முந்தைய வண்டி. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, கூரை கிடையாது. உள்ளே கோழிகள் குடித்தனம் செய்துகொண்டிருந்தன. முன்பக்கத்து இடது மட்கார்டைக் காணோம். விசாரித்தால், அதைக் கழற்றி மல்லாத்திப் போட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டி, அது துருவேறி உதிர்ந்தே போய்விட்டதாம்! டாக்டரும் நானும் பைத்தியம் பிடித்தவர்கள் போல அந்த வண்டியை வாங்கினோம். சீமையிலிருந்து பாகம் வரவழைக்க லைசென்ஸ் கேட்டுப் போனால் ஆபீசில் சிரித்தார்கள். அப்புறம்தான் காதர் பாயைத் தேடிப் போனோம்.

வந்து பார்த்தவர் இடது பக்கம் திரும்பவே இல்லை. வலது மட்கார்டின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நுனியிலிருந்து அடிவரை மெல்லத் தடவினார். "அய்யரே, இந்த ஒரு பக்கம் இருக்குல்லா, அது போதும். அந்தப் பக்கத்த நான் கொண்டாந்துருவேன்" என்றார். கூலி என்ன என்று கேட்டதற்கு அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "கூலிக்கு வேல செய்ய எனக்குப் பட்டறை இருக்கு வே. ஞாயித்துக்கெளம நான் என் ஆசைக்கு வாரேன். நாம மூணு பேரும் சேந்து செய்யுத வண்டி இது. கூலி கீலின்னீரு, நான் பஸ் ஏறிருவேன்." அன்றிலிருந்து டாக்டர் இன்ஜினைப் பார்த்தார், நான் வயரிங்கையும் இருக்கைகளையும் பார்த்தேன், பாய் உடம்பைப் பார்த்தார். பேச்சில் எப்போதும் 'நம்ம வண்டி'தான்.

குர்லாவில் உடைத்துப் போட்டிருந்த ஏதோ காரின் கூரைத் தகட்டை வாங்கி வந்தார். குழி வெட்டிய மரக்கட்டையில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். ஏழெட்டு மாதம் தட்டினார். "தகடு கோவக்காரப் பய அய்யரே. ஓங்கி அடிச்சா மொறச்சுக்கிடுவான். தட்டிக்குடுத்தா வளஞ்சு வருவான்" என்பார். என் கண்ணுக்கு அச்சு அசலாகத் தெரிந்த இரண்டு மட்கார்டுகளைக் கோணல் என்று தூக்கி எறிந்தார். எனக்கு எரிச்சல் வந்து, "போறும் பாய், யார் இதையெல்லாம் அளந்து பாக்கப் போறா?" என்று கத்தினேன். "கண்ணு ஏமாந்துரும் வே, உள்ளங்கை ஏமாறாது" என்றார். மூன்றாவது தகடு முடிந்து, வர்ணமும் அடித்த அன்று என் கண்ணைத் துணியால் கட்டி, வண்டியைச் சுற்றி இரண்டு தடவை இழுத்துக்கொண்டு போய், என் கையை ஒரு மட்கார்டின்மேல் வைத்தார். "எந்தப் பக்கம், சொல்லும்?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு சங்கம் நடத்துகிறார்கள். கோட்டைப் பக்கத்து மைதானத்தில் வருஷத்துக்கு ஒருமுறை போட்டி. வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பாகம் பாகமாகப் பார்த்து மார்க் போட்டு, ஒரு கோப்பை தருவார்கள். நாங்கள் பெயர் கொடுத்தோம். போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாய் என்னைத் தனியாக அழைத்தார். இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். "அய்யரே, மார்க்கு போடுதாரே அந்தத் தொரை, அவருட்ட 'இத இவன் செஞ்சான்'னு ஒரு வார்த்தை சொல்லிரும். வேற ஒண்ணும் வேண்டாம்." நான், "சொல்லாம இருப்பேனா பாய்? மொதல் வார்த்தையே அதான்" என்றேன்.

சொல்லவில்லை. சங்கத்துப் படிவத்தில் ஒவ்வொரு பாகத்துக்கு எதிரிலும் ஒரிஜினலா, மாற்றியதா என்று எழுத வேண்டியிருந்தது. மாற்றியது என்றால் மார்க் குறையும் என்று யாரோ காதில் ஓதினார்கள். யார் ஓதினார்கள் என்றுகூட இப்போது நினைவில்லை. ஆசை காதில் ஓதினால் அதற்கு ஆள் வேண்டுமா என்ன? இடது மட்கார்டு என்ற இடத்தில் 'ஒரிஜினல்' என்று என் கையால் எழுதினேன். பாயிடம் அதைச் சொன்னேன். "மார்க்கு போட்டு முடியட்டும். பொறவு சொல்லிரும்" என்று மட்டும் சொன்னார்.

போட்டி அன்று புதுச் சட்டை போட்டு, சட்டைப்பையில் புதுக் கைக்குட்டையோடு வந்தார். துரை வந்தார். கப்பல் கம்பெனி இன்ஜினியராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரர். வலது பக்கம் பார்த்து முடித்து இடது பக்கம் வந்தார். பாய்க்குப் பொறுக்கவில்லை. தன்னை அறியாமல் மட்கார்டின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். துரை அந்தக் கையையே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இந்த ஆள் யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருக்கிறவனுக்கு இதைவிட வேறு கேள்வி வேண்டுமா? "வண்டி துடைக்க வந்தவன்" என்றேன்.

பாய் யுத்தகாலத்தில் மிலிட்டரி வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்த இங்கிலீஷ் அவருக்கு நன்றாகவே புரியும். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்தப் புதுக் கைக்குட்டையை எடுத்தார். குனிந்து மட்கார்டைத் துடைத்தார். விளக்கடி, வளைவு, விளிம்பு என்று ஓர் இடம் விடாமல் துரை நகரும்வரை துடைத்தார். என் பொய்க்கு வலு சேர்க்கத்தான் துடைத்தார் என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கோப்பை எங்களுக்குத்தான் கிடைத்தது. கைதட்டி, போட்டோ எடுத்து, டீ குடித்து முடித்துப் பார்த்தால் பாயைக் காணோம். டாக்டரும் நானும் வண்டியில் திரும்பினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வழக்கம்போலச் சுத்தியல் பையை இறக்கி வைத்தார். "சார், ஒங்க வண்டியில பின்னால ஒரு சத்தம் கேக்குன்னீங்களே, பாக்கட்டுமா?" என்றார். 'அய்யரே'யும் போய்விட்டது, 'நீரு'ம் போய்விட்டது, 'நம்ம வண்டி'யும் போய்விட்டது. சண்டை பிடித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். "என்ன பாய், புதுசா சாரெல்லாம்?" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். "அப்படிக் கூப்பிடறதுதான சார் மரியாத" என்றார். அதற்குப் பிறகு மூன்று வருஷம், மாதத்துக்கு ஒருமுறையாவது வந்துபோனார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். மன்னிப்புத்தான், வேறென்ன. மூன்று வார்த்தை. ஆபீசில் ஊருக்கெல்லாம் கடித டிராஃப்ட் எழுதிக் கொடுக்கிற எனக்கு அந்த மூன்று வார்த்தை வரவில்லை.

செய்தி கேட்ட மறுநாள் ஞாயிறு. சங்கத்துக்குப் போனேன். நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, துரை அங்கே இருந்தார். உட்காரக்கூட இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். படிவத்தில் எழுதியது பொய், அந்த மட்கார்டைத் தாராவியில் ஒருவர் தட்டிச் செய்தார், அவர் முந்தாநாள் இறந்துவிட்டார், கோப்பையைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் பைப்பைத் தட்டிக்கொண்டே கேட்டார். "அது கையால் செய்தது என்று அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் மார்க் போட்டேன். செய்தவன் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஆளைக் காட்டிக் கேட்டேன். நீதான் துடைக்க வந்தவன் என்றாய்" என்றார். பிறகு "பாவம்" என்று சொல்லி டீக்கு ஆர்டர் கொடுத்தார். அட பாவி மனுஷா, தெரிந்திருந்தால் இன்னொரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா! ஆனால் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கேட்க வேண்டியதை அவர் கேட்டுவிட்டார். பதில் சொன்னவன் நான்.

திங்கட்கிழமை தாராவிக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. பாயின் மச்சினர் ஜமக்காளம் விரித்து உட்காரச் சொன்னார். பாயின் மனைவி, புருஷன் இறந்தபின் பிற ஆண்கள் முன் வராமல் இத்தா இருப்பதால், குறுக்கே கட்டிய சேலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். போட்டி அன்று நடந்ததெல்லாம் வீட்டுக்குத் தெரிந்திருக்கும், என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் போயிருந்தேன். சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"செம்பூரு வண்டிக்காரவுக நீங்கதானா? எங்க ஊட்டுக்காரவுக ஒங்களப் பத்தி ஒரு கொற சொன்னதில்ல. ஒண்ணு கேக்கணும். கப்பு குடுத்த அன்னைக்கி, அந்த வெள்ளக்காரத் தொரை அவுக கையப் பிடிச்சுக் குலுக்குனாராமே. 'இந்தக் கைதானா செஞ்சுது'ன்னு கேட்டாராமே. வந்து அன்னைக்கி ராத்திரி சோறுகூட உங்காம சொன்னாக. என் தம்பி நம்ப மாட்டேங்கான். நெசந்தானா?"

மச்சினர் என்னைப் பார்த்தார். நான் சேலைப் பக்கம் திரும்பினேன்.

"நெஜம்தாம்மா. ரெண்டு கையாலயும் பிடிச்சுண்டார். விடவே இல்லை. நான் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன்" என்றேன்.

"பாத்தியாலே, நான் சொன்னம்லா" என்று அந்த அம்மாள் தம்பியிடம் சொன்னார். அப்புறம்தான் அழுதார்.

அந்த வீட்டில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. பிள்ளைகள் படிப்பது உருது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் இங்கே எழுதுகிறேன். தைரியத்திலும் எனக்கு வாய்ப்பது இந்த மாதிரித் தைரியம்தான். படிக்கிற நீங்கள் அந்தப் பக்கம் போனால் தயவுசெய்து ஒரு வார்த்தையும் மூச்சு விடாதீர்கள். என் பொய்யை அவர் தம் கையால் துடைத்துக் காப்பாற்றினார். அவருடையது என்று எனக்கு மிஞ்சியிருப்பது, பெண்டாட்டியிடம் அவர் சொன்ன பொய் ஒன்றுதான். அதற்கு இப்போது நான் ஒருவன்தான் சாட்சி.