இன்ஸ்பெக்டர் சேகர் வராத நாவல்

கொழும்பு பஸ்ஸில் வந்த புத்தகக் கட்டைப் பிரித்தால் முதலில் அடிப்பது கருவாட்டு மணம்தான். மன்னாரிலிருந்து போகும்போது கருவாட்டு மூட்டைகளை ஏற்றிப் போகிற பஸ், திரும்பி வரும்போது அதே இடத்தில் எங்கள் கடைக்கான நாவல்களைப் போட்டுக்கொண்டு வரும். புது மையின் வாசமெல்லாம் அதற்குப் பிறகுதான்...

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடை. எனக்கு அதுதான் முதல் வேலை. கொப்பி, பேனை, கலண்டர் எல்லாம் விற்போம். ஆனால் ஒரு தட்டு முழுக்கக் கதிர்வாணன் எழுதிய துப்பறியும் நாவல்கள். அவருடைய இன்ஸ்பெக்டர் சேகர் கதை என்றால் வந்த கிழமையே முடிந்துவிடும்.

வழமையாக வருகிறவர்களில் இரண்டு பேரை மறக்க முடியாது.

யூஜின் அண்ணன் பேசாலைக்காரர், ஐஸ் ஃபெக்டரியில் வேலை. பரீதா டீச்சர் சிலாவத்துறையில் படிப்பித்தவர். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் அகதியாக இருந்து, ஊருக்குத் திரும்பி வந்தவர். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் டவுனுக்கு வருவார்கள். நாவலைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து, கடைக்குள் நின்று யார் கொலையாளி என்று பந்தயம் பிடிப்பார்கள். தோற்றவர் மற்றவருக்கும் எனக்கும் பால் விடாத பிளேன்ரீ வாங்க வேண்டும். அனேகமாக டீச்சர்தான் வெல்லுவா.

அப்படி இருக்கும்போதுதான் கதிர்வாணனின் அந்தப் புது நாவல் வந்தது.

அட்டையில் துப்பாக்கி இல்லை. ஒரு வீட்டுக் கதவு மட்டும். உள்ளே சேகரும் இல்லை. வேலைக்குப் போன மகன் வீடு திரும்பவில்லை, தகப்பன் தேடுகிறார், காத்திருக்கிறார்... அவ்வளவுதான் கதை. கடைசிப் பக்கத்திலும் மகன் வரவில்லை. அவனுக்கு என்ன நடந்தது என்றும் எழுதவில்லை.

ஒரு பஸ் கொண்டக்டர் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தங்கச்சி, இதில கடைசிப் பக்கங்கள் கழண்டு விழுந்திட்டுதோ?"

அப்படித்தான் முடிகிறது என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கு! ஆனால் பக்கத்து வங்கியில் வேலை செய்த ஒரு அக்கா, அழுது சிவந்த கண்ணோடு வந்து, தங்கைக்குக் கொடுக்க இன்னொன்று வாங்கிப் போனா. எங்கள் முதலாளிக்கு அடுத்த முறை எத்தனை எடுப்பதென்றே தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை யூஜின் அண்ணன் புத்தகத்தை மேசையில் போட்டார்.

"இதென்ன டீச்சர் கதை? எங்களை ஏமாத்திப்போட்டான்."

"இவ்வளவு காலம் எழுதினதில இதுதான் தம்பி கதை" என்றா டீச்சர்.

"ஆர் என்ன செய்ததெண்டு சொல்லாம முடிக்கிறது ஒரு கதையோ?"

"கொலையும் ரத்தமும் வாசிச்சுப் பழகின ஆக்களுக்கு இது விளங்காது தம்பி."

டீச்சர் பகிடியாகத்தான் சொன்னா. யூஜின் அண்ணன் சிரிக்கவில்லை.

"எனக்கோ விளங்காது? என்ர தம்பி வெள்ளாங்குளத்தில கலியாணம் செய்து இருந்தவன். கடைசிச் சண்டையில சனத்தோட சனமா இடம்பெயர்ந்து போனவன்... இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அம்மா இன்னும் கேற்றைப் பூட்ட விடமாட்டா. சேகர் கதையெண்டால் கடைசியில ஆரோ ஒருத்தன் வந்து, இதுதான் நடந்ததெண்டு சொல்லுவான். நான் அதுக்குத்தான் டீச்சர் வாசிக்கிறனான்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இத்தனை நாள் பழகியும் எங்களுக்கு அது தெரியாது. டீச்சர் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனா.

அடுத்த சனிக்கிழமை யூஜின் அண்ணன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. டீச்சர் ஒவ்வொரு முறையும் வந்து வாசலைப் பார்த்துவிட்டுப் போவா. பிறகு ஒருநாள் பெரிய பை ஒன்றோடு வந்தா.

"தங்கச்சி, என்னோட பேசாலைக்கு வாறீங்களா? தனியப் போக ஒரு மாதிரியா இருக்கு."

முதலாளியிடம் கேட்டுக்கொண்டு போனேன். பையில் டீச்சர் புத்தளத்தில் இருந்த காலத்தில் சேர்த்த பழைய சேகர் நாவல்கள்.

ஐஸ் ஃபெக்டரி வாசலுக்கு, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தபடி யூஜின் அண்ணன் வந்தார்.

"நீங்கள் ஏன் டீச்சர் இவ்வளவு தூரம்..."

"தெரியாமச் சொல்லிப்போட்டன் தம்பி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் தலையை ஆட்டினார். டீச்சர் தொடர்ந்தா.

"நாங்க விட்டுட்டுப் போன வீட்டைத் திரும்பி வந்து பார்த்தா, ஒரே காடு. ஆர் இருந்த, ஆர் உடைச்ச, ஒண்டும் தெரியாது. சொல்லவும் ஆளில்ல. அந்தப் புத்தகத்திலயும் ஆரும் ஒண்டும் சொல்லயில்ல. நம்மட கதை மாதிரி இருந்திச்சு. அதுதான் எனக்குப் பிடிச்ச."

யூஜின் அண்ணன் பையை வாங்கிக்கொண்டார்.

"அப்ப நீங்கள் அதை வாசியுங்கோ டீச்சர். நான் இதை வாசிக்கிறன்."

பையைக் கிளறி ஒரு நாவலை எடுத்தார். "இது நான் வாசிக்கேல்லை. ஆர் கொலையாளியெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ!"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அன்றைக்குப் பிளேன்ரீ யூஜின் அண்ணனுடைய செலவு.

கதிர்வாணன் அதே மாதிரி இன்னும் ஓரிரண்டு எழுதிவிட்டு மறுபடி சேகரிடமே போனார். கடையில் ஒருவருக்குச் சந்தோசம், மற்றவருக்குக் கவலை. பந்தயம் பழையபடி நடந்தது.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் போன் கடை. டீச்சர் பென்சன் எடுத்துவிட்டா. யூஜின் அண்ணனுடைய தம்பியைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை.

போன கிழமை கதிர்வாணன் பேஸ்புக்கில் எழுதியிருந்தார், இனிச் சேகர் இல்லையாம், குடும்பக் கதைகள்தானாம். கீழே பெரிய சண்டை. "இப்பத்தான் எழுத்தாளர் ஆகியிருக்கிறார்" என்று ஒரு பக்கம், "இவருடைய காலம் முடிஞ்சுது" என்று இன்னொரு பக்கம்.

ஒருவர் மட்டும், "சேகரைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்" என்று ஒரே வரி எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அவருடைய புரொஃபைல் படத்தில் முகத்துக்குப் பதிலாக ஒரு ரோசாப்பூ.

ஏன் என்று கேட்க நினைத்தேன்... எந்த ஊர் என்று தெரிந்திருந்தால், டீச்சர் மாதிரி பஸ் ஏறியிருக்கலாம்.